காதில் தண்ணீர் போன நைனா

எங்கள் வீட்டில் பகல் என்பது நைனா தூங்குகிற நேரம். எங்கள் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். கவரைப்பேட்டையில் ஒரே அறையும் ஒரு சமையல் மூலையுமாக ஒரு ஷீட் வீடு. நைனாவுக்குக் கும்மிடிப்பூண்டியில் கம்பி உருட்டும் கம்பெனியில் வருஷம் பூராவும் நைட் ஷிப்டு. சிவக்கச் சிவக்க ஓடிவரும் கம்பியை இடுக்கியால் பிடித்துத் திருப்பிவிடுகிற வேலை. கண் அசந்தால் கை போய்விடும் என்று அம்மாவுக்குப் பயம். அதனால் பகலில் ஒரு சத்தம் எழ விடமாட்டாள். குக்கர் பரண்மேல் கிடந்தது; சோறு பானையில் வடித்ததுதான். டிவி ஓடும், வால்யூம் இருக்காது. அம்மா ஜெபம் பண்ணுவதுகூட வெறும் உதட்டசைவுதான். என் பொறுப்பு தம்பி. அவன் அழ வாயைத் திறந்தால் என் உள்ளங்கை அதன்மேல் இருக்கும்.

அந்தக் கோடை விடுமுறையில்தான் டிவியில் அந்தப் படகைப் பார்த்தோம். சென்னைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஒரு பெரிய பார்க்கின் விளம்பரம். உச்சிக்கு ஏறுகிற படகு அங்கிருந்து சறுக்கிக்கொண்டு வந்து தண்ணீரில் விழுகிறது. உள்ளே இருக்கிறவர்கள் எல்லாரும் வாயைப் பிளந்துகொண்டு விழுகிறார்கள். சத்தம் மட்டும் இல்லை.

தம்பி என் காதுக்குள் கேட்டான்: “அவுங்க ஊட்லயும் நைனா தூங்கினு கீறாரா?”

அந்தப் படகில் ஏறாமல் நாலாம் வகுப்புக்குப் போவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

திட்டம் முழுக்க ரகசியக் குரலில்தான் நடந்தது. நைனா பாயில் படுத்திருப்பார். இந்த மூலையில் நாங்கள் மூன்று பேரும் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். அம்மா முதலில் மசியவில்லை.

“ராத்திரியெல்லாம் நெருப்பாண்ட நிக்கறாரு. பகல்ல இட்டுக்கினு சுத்துனா மறுநா வேலைக்கு எப்டி போவாரு?”

பிறகு அவளே ஒரு வழி கண்டுபிடித்தாள். ஞாயிறு இரவு நைனாவுக்கு வாராந்திர லீவு. அன்று காலை ஷிப்டு முடிந்து வருகிற ரயிலில் அவர் இங்கே இறங்கவே வேண்டாம். நாம் அதே பெட்டியில் ஏறிக்கொள்வோம். சென்னை வரைக்கும் தூங்கட்டும், இரவு வந்து மிச்சத் தூக்கத்தையும் தூங்கட்டும். ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் போகாததைக் கர்த்தர் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார் என்றும் தீர்ப்புச் சொன்னாள். யார் முன்னால் உட்காருவது, சாப்பாட்டுக்கு என்ன கட்டுவது என்று எங்கள் மாநாடு ஒரு வாரம் நடந்தது.

பாக்கி இருந்தது நைனாவிடம் கேட்பதுதான். ஒரு சாயங்காலம் அவர் எழுந்து டீ குடிக்கும்போது அம்மா தயங்கித் தயங்கி, “வர்ற ஞாயித்துக்கெழம…” என்று ஆரம்பித்தாள்.

“வரேன். புளிச்சோத்துல வேர்க்கடலைய கொஞ்சம் தூக்கலா போடு” என்றார் நைனா.

புளிச்சோறு என்று அவருக்கு யார் சொன்னது? எனக்கு அந்தக் கேள்வியே எழவில்லை. சந்தோஷத்தில் தம்பியின் வாயை மறுபடியும் பொத்திக்கொண்டிருந்தேன்.

அன்று ரயிலில் நைனா ஜன்னலோரம் தூங்கிக்கொண்டே வந்தார். நாங்கள் மூன்று பேரும் எதிரில் கை கட்டி உட்கார்ந்து, முறுக்கு விற்கிறவரைக்கூடச் சைகையால்தான் நிறுத்தினோம். அவர் எங்களை ஊமைகள் என்று நினைத்துக்கொண்டு ஒரு முறுக்கு கூடுதலாகக் கொடுத்தார்.

படகில் முன்னால் நானும் தம்பியும், பின்னால் நைனாவும் அம்மாவும். கடகடவென்று மேலே ஏறியது. உச்சியில் ஒரு நொடி நின்றது. அப்புறம் எல்லாம் தலைகீழாகிவிட்டது. எங்களைச் சுற்றிலும் ஜனங்கள் அலறினார்கள். தம்பியும் வாயைத் திறந்தான். நான் கைப்பிடிக் கம்பியை விட்டுவிட்டு இரண்டு கையாலும் அவன் வாயைப் பொத்தினேன். கீழே தண்ணீரில் விழுந்து, தொப்பலாக நனைந்து நிற்கிற வரைக்கும் கையை எடுக்கவில்லை.

படகைப் பிடித்து நிறுத்துகிற ஊழியருக்கு வந்ததே கோபம்.

“ஏம்மா, கம்பிய புடிக்காம அவன் வாய ஏன் புடிச்சுக்கினு வர்ற?”

“கத்திடுவான்ணா” என்றேன், ரகசியமாக.

நைனா என்னையே பார்த்துக்கொண்டு நின்றார். திட்டப்போகிறார் என்று பயந்துவிட்டேன். அவரோ என் கையைப் பிடித்துக்கொண்டு நேரே மறுபடியும் வரிசையில் போய் நின்றார்.

இந்தத் தடவை என் பக்கத்தில் அவர், பின்னால் அம்மாவும் தம்பியும். என் இரண்டு கையையும் கம்பியோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உச்சியில் நின்றபோது, “கத்துங்கடா!” என்று அவர்தான் முதலில் கத்தினார். தம்பி கத்தினான். நான் கத்தினேன். பின்னாலிருந்து அம்மா போட்ட கூச்சலில் நாங்கள் மூன்று பேருமே திரும்பிப் பார்த்தோம். அவளுக்கு அப்படி ஒரு குரல் இருப்பது அன்றுதான் தெரிந்தது. கீழே வந்ததும் நைனா வெகுநேரம் முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம், “கறி பானையில வேகவே மாட்டேங்குது, அந்தக் குக்கர எறக்கு” என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். குக்கர் முதல் விசிலை அடித்தது. நானும் தம்பியும் நடுங்கிப்போய்ப் பாயைப் பார்த்தோம். நைனா சுவர் பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், அசையவில்லை. தம்பி சோதனைக்காக ஒரு தட்டைக் கீழே போட்டான். ஊஹூம்.

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. “படகுல விழுந்தப்போ நைனா காதுல தண்ணி பூந்துட்டுதுடா” என்று தம்பிக்கு விளக்கினேன். அதிலிருந்து எங்களுக்குக் கொண்டாட்டம்தான். டிவிக்கு வால்யூம் வந்தது. தம்பி பாடினான். அம்மா மட்டும் மாறவேயில்லை, எங்களைப் பார்த்து உதட்டில் விரலை வைத்துக்கொண்டேயிருந்தாள். “அவருக்குத்தான் கேக்காதேம்மா” என்று நாங்கள் அவளைக் கேலி செய்தோம்.

அந்த அரைகுறைத் தூக்கத்தோடு எத்தனை இரவு அந்த நெருப்புக் கம்பிக்கு எதிரில் நின்றாரோ. பிற்பாடு விரல் ஒன்றும் குறையாமல் பகல் வேலைக்கு மாறிவிட்டார். அது அம்மாவின் ஜெபம்.

நான் இப்போது ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். மாதத்தில் பாதி நாள் நைட் டியூட்டி. நேற்று மத்தியானம் படுத்திருக்கும்போது, என் மூன்று வயது மகள் கரண்டியால் தட்டைத் தட்டிக்கொண்டு ஒரு பாட்டுப் பாடினாள். வார்த்தை ஒன்றும் சரியில்லை, ராகம் அதைவிட மோசம். வீட்டுக்காரர் அவளை அடக்க ஓடிவந்தார். நான் கண்ணை மூடி அப்படியே கிடந்தேன். சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவள் பார்த்தால் பாட்டை நிறுத்திவிடுவாளே என்று சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.