வரும்போது ஒன்றரை மணி நேரம்

சிங்கப்பூர் எவ்வளவு தூரம் என்று எங்கள் பாலசமுத்திரத்தில் யாரும் மைலில் சொல்லமாட்டோம். நாலு மணி நேரம் என்போம். என் தம்பி சொல்லிக்கொடுத்த கணக்கு அது. கட்டட வேலைக்குக் கிளம்பும்போது, கைக்குழந்தையாக இருந்த என் மகளை மடியில் வைத்துக்கொண்டு சொன்னான்:

"மெட்ராஸ்லேர்ந்து பிளேன்ல நாலு மணி நேரம்க்கா. திரும்பி வரசொல்ல ஒன்றரை மணி நேரந்தான். அங்க எட்டுக்கு ஏறுனா, இங்க ஒம்போதரைக்கு எறங்கிடலாம். இவ காதுகுத்துக்கு நான் வராம இருப்பனா?"

நம்பினோம். "வூட்டுக்கு வர்றதுன்னா பிளேன்கூட ஓடியாருது" என்று நைனா ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார். அந்த ஊர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முந்தி ஓடுகிறது என்று எனக்குப் பிறகுதான் தெரிந்தது. வருகிற வழியும் அதே நாலு மணி நேரம்தான்.

தாய்மாமன் மடியில் உட்காரவைக்காமல் எங்களில் பிள்ளைக்குக் காது குத்துவதில்லை. கம்மலும் அவன்தான் கொண்டுவர வேண்டும். ஒற்றைப்படை வயதில் குத்தவேண்டும் என்பதால் ஒன்று போனது, மூன்று போனது. போன் பூத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் காத்துக் கிடந்து, "லீவு இல்லக்கா, அடுத்த மாசம்க்கா" என்பதைக் கேட்டுவிட்டு வருவேன். நடுவில் சிங்கப்பூரிலேயே ஒரு மெட்ராஸ் பெண்ணைக் கட்டிக்கொண்டான். போனும் குறைந்தது. என் மகளுக்கு ஐந்தும் முடியப்போகிறது. பள்ளிக்கூடத்தில் 'மூளிக்காது' என்று கூப்பிட்டார்கள். அவளோ, "எங்க மாமா ஒன்றரை மணி நேரத்துல வந்துடும்" என்று சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

திருச்சானூர் தாயாரிடமாவது முறையிடலாம் என்று ஒரு வெள்ளிக்கிழமை அவளோடு பஸ் ஏறினேன். தம்பி வரவேண்டும், அவ்வளவுதான் வேண்டுதல். தாயார் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்கவில்லை. கும்பிட்டு வெளியே வந்தால், ஒரு லாட்ஜ் வாசலில் அவன் நிற்கிறான். காது குத்துகிற பத்தர் எதிரே, சந்தனம் பூசிய மொட்டையோடு அவன் பிள்ளை உட்கார்ந்திருந்தது. அவன் மச்சான் மடியில். அந்தப் பிள்ளைக்கு மாமன் வந்துவிட்டான்.

"எப்படா வந்த?"

அவன் முகம் வெளுத்தது. "முந்தாநேத்துக்கா. இன்னிக்கே திரும்பிப் போறோம். வூட்டுப் பக்கம் வர டைம் இல்ல, கோச்சிக்காத."

"இங்கேர்ந்து நம்ம ஊரு எவ்ளோ நேரம்டா?"

புத்தூரில் பஸ் மாறினாலும் மூன்று மணி நேரம். கடலைத் தாண்டி வந்தவனால் புத்தூரைத் தாண்ட முடியவில்லை. கூடப் பிறந்தவனே ஏய்த்துவிட்டான்.

போட்டோவில் மட்டுமே பார்த்த மாமனை அடையாளம் கண்டு, என் மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். "கம்மல் எடுத்துக்கினு வந்தியா மாமா?"

"அடுத்த தபா எடுத்துக்கினு வரேம்மா."

அந்த 'அடுத்த தபா'வில்தான் எனக்குத் தலைக்கேறியது. பிள்ளைக்குக் குத்தி முடிந்து மச்சான் எழுந்ததும், அவன் இருந்த பலகையில் நான் உட்கார்ந்து, மகளை மடியில் இழுத்து வைத்துக்கொண்டேன். பத்தரிடம் இருக்கிற கம்பி வளையமே போதும், குத்துங்கள் என்றேன்.

ஊசியை எடுத்தவர் நிறுத்தினார். தெலுங்குக்காரர். "மேனமாமா லேடாம்மா?" என்றார், தாய்மாமன் இல்லையா என்று.

தம்பி ஓரடி முன்னால் வந்தான்.

"லேடு," என்றேன். "சிங்கப்பூர்ல கீறான்."