ஹூட்டைத் திறக்கச் சொன்னார்கள்

கார் ஹூட் தைக்கிறவனுக்கு மழைதான் பரீட்சை வைக்கும் வாத்தியார். மற்றத் தொழில்காரரைக் குறை சொல்ல நாலு பேர் வேண்டும், எங்களுக்கு ஒரு சொட்டுத் தண்ணீர் போதும். வானத்தைப் பார்த்துப் பார்த்தே எங்களுக்குக் கழுத்துப் பிடித்துப்போகும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் ஐம்பது வருடமாகக் கார்களுக்குக் குஷன் வேலை செய்கிறேன். திறந்த கார்களுக்கு மேலே மடித்து விரிக்கிற துணிக்கூரைக்கு நாங்கள் சொல்லும் பெயர் ஹூட். எஞ்சினை மூடுகிற முன் தகடு பொனெட். இந்த இரண்டையும் மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

குழாய்ப் பரீட்சை

வெள்ளவத்தைக் கண் டொக்டர் குகன் ஒருநாள் சிவப்பு நிற ஜெர்மன் கார் ஒன்றில் வந்து இறங்கினார். இரண்டே இரண்டு சீற். பறக்கிற சாதி. வயது மட்டும் இருபத்தைந்தைத் தாண்டியிருந்தது, ஹூட் கிழிந்து தொங்கியது. பழைய துணியை வெட்டி எறிந்துவிட்டு, மெழுகு நூலில் இரட்டைத் தையல் போட்டுப் புதிதாக ஒன்று தைத்தேன். என் கையால் தைத்ததில் அதற்கு மேல் ஒன்று இல்லை என்று இன்றைக்கும் சொல்வேன்.

"ஒழுகாதோ?" என்றார் டொக்டர். பேப்பரை எடுத்துக்கொண்டு உள்ளே ஏறி உட்கார்ந்தேன். தண்ணீர்க் குழாயை அவர் கையில் கொடுத்து, ஒரு மணித்தியாலம் அடிக்கச் சொன்னேன். உள்ளே என்னோடு அகப்பட்ட இரண்டு நுளம்புகள் தாகத்தில் செத்துப் போயின. நான் மரண அறிவித்தல் வரை வாசித்து முடித்துவிட்டு இறங்கினேன். டொக்டர் சொன்னார்: "பாஸ், கார் நனையேல்லை, பேப்பர் நனையேல்லை, நான்தான் நனைஞ்சு போனன்."

ஒரே ஒரு இடம்

போன வருடம் டொக்டரின் மனைவி சாந்தினி மேடத்துக்கு ஒரு யோசனை வந்தது. அதே கொம்பனியின் அதே காரில் புதிய தலைமுறை ஒன்று கார் விற்கிற கடைக்கு, அதுதான் கார் சேலுக்கு, வந்திருக்கிறதாம். பழையதைக் கொடுத்தால் மாற்றித் தருவார்களாம். டொக்டருக்கு இரண்டும் வேண்டும். எனக்கோ என் ஹூட் போகக்கூடாது. அது கார் சேலுக்குப் போனால், என் துணியைக் கழற்றிவிட்டுப் பளபளப்பாக ஒரு பிளாஸ்டிக்கைப் போட்டு விற்றுவிடுவார்கள், எனக்குத் தெரியும்.

கடைசியில் ஒரு உடன்பாடு. கார் சேலில் புதுசை ஓட்டிப் பார்க்க வாங்கி, ஞாயிற்றுக்கிழமை இரண்டு காரும் நீர்கொழும்புக்குப் போய் வரவேண்டும். எது நல்லதோ அது வீட்டில். ரொறன்ரோவிலிருந்து லீவில் வந்திருந்த மேடத்தின் தம்பி ரமேஷ் நடுவர். ஹூட்டுக்குப் பொறுப்பாக நானும். இரண்டையும் வைத்திருந்தால் என்ன என்று டொக்டர் கடைசியாக ஒருதரம் கேட்டுப் பார்த்தார். மேடம் சொன்னார்: "ஃபிளட்டிலை ஒரு காருக்குத்தான் இடம். மற்றதை மடியிலை வைச்சிருப்பீங்களோ?"

பழசும் புதுசும்

உள்ளதைச் சொல்ல வேண்டும், புதுசு மோசமில்லை. மிதித்தால் நெஞ்சில் யாரோ கையை வைத்துத் தள்ளியது போல சீற்றோடு ஒட்டிவிடுவோம். கியர் அதுவே மாற்றிக்கொள்ளும். பழசில் கிளச் மிதித்து டொக்டரின் இடது கால் வலது காலை விட ஒரு சைஸ் பெருத்துவிட்டது. புதுசில் ஒரு பொத்தானை அமத்தினால் ஹூட் தானே மடிந்து பின்பெட்டிக்குள் போய்ப் படுத்துவிடும். பழசில் இரண்டு கொக்கியைக் கழற்றி, துணியைக் கையால் மடித்து, இடுப்பையும் ஒருதரம் பிடித்துக்கொள்ள வேண்டும்.

ஆனால் பழசு பாரம் குறைவு. ஸ்டியரிங்கைப் பிடித்தால் ரோட்டில் கிடக்கிற ஒவ்வொரு கல்லும் பெயர் சொல்லும். வத்தளையில் ஐந்து சதக் காசுக் குற்றி ஒன்றில் ஏறினோம், தலையா பூவா என்று டொக்டர் சரியாகச் சொன்னார். எஞ்சின் சத்தமும் சொந்தச் சத்தம். புதுசின் சத்தத்தில் பாதி ஸ்பீக்கரால் வருகிறதாம். போகும்போது இரண்டையும் மாறி மாறி ஓட்டிய ரமேஷ் நீர்கொழும்பில் இறங்கி என்னிடம் சொன்னான்: "பழசோடை கதைக்கலாம் அங்கிள். புதுசுக்குக் கட்டளைதான் போடலாம். ஆனா அக்காவுக்குப் புதுசுதான் சரி."

நான் போய் என் ஹூட்டை ஒருதரம் தடவிக் கொடுத்தேன்.

வத்தளை மழை

மேடம் இரண்டு பார்சல் கருவாடு வாங்கினார். பழசில் இடமில்லை என்று புதுசின் பின்பெட்டிக்குள் வைத்தார்கள். திரும்பும்போது டொக்டரும் மேடமும் பழசில், ரமேஷும் நானும் புதுசில். வத்தளைக்கு வர மழை கொட்டத் தொடங்கியது. அதே நேரம் டாஷ்போர்ட்டில் ஏதோ மஞ்சள் விளக்கு எரிந்தது. ரமேஷ் காரை ஓரங்கட்டி, இறங்கி, முன்பக்கம் ஓடிப்போய் நின்று கத்தினான்: "அங்கிள், ஹூட்டைத் திறங்கோ, கெதியா."

ஐம்பது வருடமாக ஹூட் என்றால் எனக்கு ஒன்றுதான். பொத்தானை அமத்தினேன். கூரை எழும்பியது, பின்னால் சாய்ந்தது, பெட்டிக்குள் இறங்கப் போன இடத்தில் கருவாட்டில் தட்டி நின்றது. மூடவும் இல்லை, திறக்கவும் இல்லை. மழை முழுவதும் சீற்றில். ரமேஷ் வாயைத் திறந்தபடி நின்றான். அவன் கேட்டது பொனெட்டை. ரொறன்ரோவில் அதைத்தான் ஹூட் என்பார்களாம். விளக்கு எரிந்ததும் வைப்பருக்குத் தண்ணீர் முடிந்ததற்காகத்தான்.

பழசு பின்னால் வந்து நின்றது. வத்தளை முழுக்கக் கருவாட்டு மணம், பஸ்ஸில் போனவர்களும் எட்டிப் பார்த்தார்கள். நான் நனைந்தபடி போய்க் கண்ணாடியில் தட்டினேன். மேடம் உள்ளே ஒரு சொட்டுப் படாமல் இருந்தார். கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கி, மூக்கைச் சுளித்து, உடனே ஏற்றினார். பிறகு திரும்ப இறக்கிச் சொன்னார்: "பாஸ், உங்கடை ஹூட் மணத்தைக்கூட உள்ளுக்கு விடேல்லை. இதே இருக்கட்டும்."

கடைசிக் கேள்வி

புதுசின் சீற்றை இரண்டு நாள் வெயிலில் காயவைத்து, நானே துடைத்துத் திருப்பிக் கொடுத்தேன். மணம் மட்டும் போகவில்லை. கார் சேல் பக்கம் பூனைகள் இன்னமும் கூட்டம் போடுகின்றன. பழசு வெள்ளவத்தையில் அந்த ஒரே இடத்தில் நிற்கிறது, மேலே என் துணியோடு. அந்த வழியாகப் போனால் பஸ்ஸில் நான் அது தெரிகிற பக்கத்து சீற்றில்தான் இருப்பேன்.

போன கிழமை கண் காட்டப் போனேன். டொக்டர் என் கண்ணுக்குள் லைட் அடித்துப் பார்த்துக்கொண்டே கேட்டார்: "பாஸ், உண்மையைச் சொல்லுங்கோ, ரொறன்ரோவிலை ஹூட் எண்டா பொனெட் எண்டு உங்களுக்குத் தெரியாதோ?"

நல்ல ஹூட் மாதிரி நல்ல வாயும் மூட வேண்டிய நேரத்தில் மூடிக்கொள்ளும் என்பதால், என் மூத்த மகள் இருபது வருடமாக ரொறன்ரோவில் கார் ஓட்டுகிறாள் என்பதை டொக்டரிடம் நான் இதுவரை சொல்லவில்லை.