யாரையும் இடிக்கலையே, மாமா?

போன செவ்வாய்க்கிழமை என் கார் ஒர்க்‌ஷாப்பில். கிள்ளானிலிருந்து பிரிக்பீல்ட்ஸ் போக வேண்டும். அக்கா மகன் தர்ஷனுக்கு அங்கேதான் வேலை. ஓசி சவாரியை யாராவது விடுவார்களா?

நான் ஏறப் போகும்போது அக்கா என் கையைப் பிடித்தார். "தம்பி, வழியில அவன் கேட்டான்னா 'ஒண்ணும் ஆகல'ன்னு மட்டும் சொல்லிராத. டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க."

தர்ஷனுக்கு இருபத்து மூன்று வயது. ஓசிடி. அது கை கழுவிக்கொண்டே இருக்கிற வியாதி என்றுதான் நான் நினைத்திருந்தேன். இவனுக்கு வேறு மாதிரி. கார் எதிலாவது ஏறி இறங்கினால், யாரையோ இடித்துவிட்டோமோ என்று சந்தேகம். திருப்பிக்கொண்டு போய்ப் பார்ப்பான். பார்த்த பிறகும் சந்தேகம்... பேட்மின்டன் போயிற்று. நண்பர்களோடு வெளியே போவதும் நின்றுவிட்டது. இப்போது வேலையும் ஊசலாடுகிறது — இன்னொரு நாள் லேட்டானால் வேலை நிரந்தரமாகாது என்று மேனேஜர் சொல்லிவிட்டாராம்.

சொந்தக்காரர்கள் என்ன சொல்கிறார்கள் தெரியுமா? "தங்கமான பையன். என்ன கவனமா காடி ஓட்டுறான்!" அப்படிச் சொன்னவர்களில் நானும் ஒருவன்.

எங்கள் தாமான் குடியிருப்பை விட்டு வெளியே வருவதற்குள் சாலையில் ஒரு பம்ப், வேகத்தடை. கார் குலுங்கியது.

"யாரையும் இடிக்கலையே, மாமா?"

பையன் தவிக்கிறான். ஒரு வார்த்தை சொன்னால் என்ன குறைந்துவிடும்? "ஒண்ணும் இல்லடா, பம்ப்தான்" என்றேன்.

அவன் முகம் தெளிந்தது — முதல் சிக்னல் வரைக்கும்.

"நல்லா பாத்தீங்களா? நீங்க ஃபோன்ல இருந்தீங்களே?"

"பாத்தேன்டா."

"சத்தியமா?"

"சத்தியமா!"

யூ-டர்ன். அந்த பம்ப்பை இரண்டு முறை போய்ப் பார்த்துவிட்டு வந்தோம். இருபது நிமிடம் காலி. நான் சொன்ன ஒவ்வொரு சமாதானமும் அடுத்த கேள்விக்குத் தீனி என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஆறுதல் சொல்வது சுலபம். அதில் பாதி நம் நிம்மதிக்காகத்தானே சொல்கிறோம்?

சுபாங் ஜெயாவை நெருங்கும்போது, ஹைவேயில் இடது சக்கரம் எதன் மீதோ 'தடக்'கென்று ஏறி இறங்கியது.

"மாமா?"

நான் முன்னால் சாலையையே பார்த்தேன்.

"சொல்லுங்க லா மாமா... ப்ளீஸ்."

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த அவன் விரல்கள் வெளுத்துவிட்டன. எனக்குப் பாவமாக இருந்தது. பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா இதைத் தினமும் விழுங்குகிறார் என்று நினைத்துக்கொண்டு நானும் விழுங்கினேன்.

"தெரியலடா."

திரும்பிப் போக வசதியாக ஓர் எக்ஸிட் வந்தது. சிக்னல் லைட்டைப் போட்டான். அது டிக் டிக் என்று அடித்துக்கொண்டே இருந்தது. பிறகு அணைத்தான். ஏசி காற்றிலும் நெற்றி வியர்த்திருக்க, நேராக ஓட்டினான்.

எட்டு இருபத்தெட்டுக்கு ஆபீஸ் வாசலில் நின்றோம். இரண்டு நிமிடம் மிச்சம்.

சுபாங் ஜெயாவுக்குப் பிறகு தர்ஷன் ஒரு முறைகூடத் திரும்பவில்லை. கழுத்தை வளைத்துப் பின்பக்கக் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்தது... நான்தான்.