அப்பா என்று எழுதிய குழாய்

நான் ரத்தம் எடுத்துப் பிழைக்கிறேன். நர்சு அல்ல. ஆனால் போகிற வீடுகளிலெல்லாம் நர்சம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள், திருத்தித் திருத்தி அலுத்து விட்டுவிட்டேன். திருச்சியில் ஒரு மரபணு ஆய்வகத்தில் வேலை. பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகள் இருக்கும் வீடுகளைத் தேடிப் போய், குழந்தை, அம்மா, அப்பா மூவரிடமும் ஆளுக்கு ஒரு குழாய் ரத்தம் வாங்கி, ஐஸ் பெட்டியில் வைத்துக் கொண்டுவர வேண்டும். அதிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரித்து, எந்த மரபணுவில் என்ன எழுத்து மாறியிருக்கிறது என்று பார்ப்போம். நேர்முகத் தேர்வில் பேராசிரியர் அக்கறையாகக் கேட்ட ஒரே கேள்வி எனக்கு எந்த ஊர் என்பது. கந்தர்வக்கோட்டைப் பக்கம் என்றேன். அப்படியானால் புதுக்கோட்டை மாவட்டம் முழுக்க உங்களுக்கு என்று எழுதிக்கொண்டார். நான் முந்திரிக் கொல்லைக்கு நடுவில் உட்கார்ந்து படித்து வாங்கிய தங்கப் பதக்கத்தைப் பற்றி அவர் கடைசிவரை கேட்கவில்லை.

பேருந்தில் ஐஸ் பெட்டியோடு ஏறினால் மீன் என்று நினைத்துக் கண்டக்டர் முறைப்பார். மீன் இல்லைங்க, ரத்தம் என்று ஒருமுறை உண்மையைச் சொன்னேன். பக்கத்து சீட் காலியானது. அதிலிருந்து கூட்டம் அதிகமாக இருக்கும் நாட்களில் மட்டும் உண்மையைச் சொல்வேன்.

குழாய்க்கு முன்னால் வம்சப் படம் வரைய வேண்டும். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கல்யாணத்துக்கு ஒரு கோடு, சொந்தத்துக்குள் கல்யாணம் என்றால் இரட்டைக் கோடு. பேராசிரியர் வெளியூர்க்காரர், இரட்டைக் கோடு வந்தால் பக்கத்தில் நட்சத்திரம் போடச் சொன்னார். ஒரு மாதம் கழித்து, இரட்டைக் கோடு இல்லாத இடத்தில் நட்சத்திரம் போட்டால் போதும் என்று மாற்றிக்கொண்டார். என் அப்பாவும் அம்மாவும்கூட அத்தை மகனும் மாமன் மகளும்தான். சொந்தத்தில் கட்டினீர்களா என்று கேட்டால், 'ரொம்ப நெருக்கம்லாம் இல்லைங்க, அத்தை மகன்தான்' என்பார்கள். நானும் தலையாட்டிக்கொண்டே இரட்டைக் கோடு போடுவேன்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அறந்தாங்கிக்குப் பக்கத்தில் ஒரு வீட்டுக்குப் போனேன். அங்கே ஐந்து வயதுப் பெண் குழந்தை ஒன்று இருந்தது. பிறந்ததிலிருந்து கேட்கவில்லை. அம்மாவுக்கு இருபத்தேழு வயது இருக்கும். பிளஸ் டூ படித்தவள். கணவன் அத்தை மகன், குவைத்தில் டிரைவர். ஆகவே மாமியார் என்பது அவளுடைய சொந்த அத்தை, அப்பாவின் அக்கா. கணவனின் தம்பியும் அதே வீட்டில் இருந்தார். அந்த முதல் நாள் அவர் ஊரில் இல்லை.

மாமியார் என்னை உட்கார வைத்து, தண்ணீர் கொடுத்து, ஆராய்ச்சியின் முடிவையும் அப்போதே சொல்லிவிட்டார்.

"இது இவ ஆத்தா வழியில வந்தது நர்சம்மா. எங்க வம்சத்துல இப்புடி யாருக்கும் கெடையாது."

மருமகள் சமையலறைக்கு எழுந்து போனாள். ரத்தம் எடுக்கும்போது தாழ்ந்த குரலில் கேட்டாள், யார்கிட்டயிருந்து வந்துச்சுன்னு எழுதியே குடுப்பீங்களா என்று. கொடுப்போம் என்றேன். ஐந்து வருடமாக அந்த வீட்டில் விளக்குப் பொருத்துகிற நேரம் போல ஒரு நாளும் தவறாமல் அந்தப் பேச்சு நடந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியது மருந்து இல்லை, ஒரு காகிதம். இந்த வகைக் காது கேளாமைக்கு மரபணுவின் இரண்டு பிரதியும் கெட்டிருக்க வேண்டும், அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று. ஒன்று மட்டும் கெட்டவருக்கு ஒரு குறையும் தெரியாது என்று விளக்கினேன். அவள் மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பாடம் கேட்கிறவள் மாதிரி இல்லை. தீர்ப்பு கேட்கிறவள் மாதிரி இருந்தது.

ஆனால் அப்பாவின் ரத்தம் இல்லாமல் குடும்பத்தை ஆராய்ச்சியில் சேர்க்க முடியாது. அவர் லீவுக்கு வரும்போது சொல்லுங்கள் என்று என் நம்பரைக் கொடுத்துவிட்டு வந்தேன். பத்தே நாளில் மாமியார் போன் செய்தார். ஆள் இருக்கு, வாங்க என்றார்.

போனேன். சட்டைக் கையை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டு ஒருவர் தயாராக உட்கார்ந்திருந்தார். ஆதார் நகலைக் கொடுத்தார். ஆதார் படம் உலகத்தில் யாருக்கும் பொருந்தாது என்பதால் நான் உற்றுப் பார்க்கவில்லை. சுவரில் கூலிங் கிளாஸ் போட்டு, உயரமான கட்டடத்தின் முன்னால் நின்று எடுத்த படம் ஒன்று மாட்டியிருந்தது. அதில் கன்னம் உப்பியிருந்தது. பாலைவனத்து வெயிலில் இளைத்துவிட்டார் பாவம் என்று நினைத்துக்கொண்டேன். ஒப்புதல் படிவத்தில் மடமடவென்று கையெழுத்துப் போட்டார். தயக்கமே இல்லை.

குழந்தை மட்டும் என் பக்கத்தில் வந்து நின்று, உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்து, அதில் விரலால் தட்டித் தட்டிக் காட்டியது. நான் குழாயில் 'அப்பா' என்று எழுதிக்கொண்டிருந்தேன். அவரைக் காட்டி, உங்க அப்பாதானே என்பதுபோலச் சிரித்தேன். அது தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, மறுபடி உள்ளங்கையைத் தட்டியது. போன் கேட்கிறது, கேம் விளையாட என்று புரிந்துகொண்டு என் போனை எடுத்துக் கொடுத்தேன். அதைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போய்விட்டது. நல்ல பிள்ளை என்று தோன்றியது.

முடிவு ஆறு வாரத்தில் வந்தது. குழந்தைக்கு இரண்டு பிரதியிலும் ஒரே எழுத்து மாறியிருந்தது. அம்மாவுக்கு ஒரு பிரதியில். அப்பாவுக்கு இரண்டும் சுத்தம்.

இப்படி வரக் கூடாது. குழாய் மாறியிருக்கும் என்று மறுபடி செய்தோம். அதேதான். பேராசிரியர், அப்பா பிள்ளை உறவைப் பார்க்கும் வேறொரு சோதனையையும் ஓட்டச் சொன்னார். பல இடங்களில் பொருந்தியது; சில இடங்களில் பொருந்தவே இல்லை. இவர் அப்பா இல்லை, ஆனால் சொந்தக்காரர். சொந்தத்துக்குள் கட்டியவர்களிடம் இதற்குமேல் எதுவும் சொல்ல முடியாது என்றார் அவர். பிறகு கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே விதிமுறையைச் சொன்னார். இதை யாரிடமும் பேசக் கூடாது. 'முடிவு தெளிவாக இல்லை' என்று ஒரு வரி எழுதி அனுப்பிவிட்டு அந்தக் குடும்பத்தைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுங்கள்.

நல்ல விதிமுறை. நான் யாரிடமும் பேசவில்லை. மனசுக்குள் மட்டும் பேசினேன், அதுவும் ஓயாமல். கணவன் வெளிநாட்டில், கொழுந்தன் வீட்டில் என்று ஒரு வரி வந்தது. சொந்தக்காரர்கள் வந்துபோகிற வீடு என்று இன்னொரு வரி. அவள் தாழ்ந்த குரலில் பேசியதுகூட இப்போது வேறு மாதிரி தெரிந்தது. டி.என்.ஏ. பற்றி ஒன்றும் தெரியாத எதிர்வீட்டுக்காரி திண்டாடித் திரட்டக்கூடிய கதையை, நான் முதுகலைப் பட்டத்தோடு ஏசி அறையில் உட்கார்ந்து ஒரே மத்தியானத்தில் முடித்துவிட்டேன்.

வாராவாரம் செவ்வாய்க்கிழமை அவள் போன் செய்வாள். ரிசல்ட் வந்துருச்சாங்க மேடம் என்பாள். இன்னும் இல்லை என்பேன். இப்படியே நாலு மாதம் ஓடியது. கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை, முடிவு தெளிவாக இல்லை என்று வாயால் சொன்னேன்.

"தெளிவா இல்லைன்னா, அப்ப எங்க அத்தை சொல்றதே சரின்னு ஆயிரும்ங்க."

அந்த வாரமே கிளம்பிப் போனேன். பேராசிரியரிடம் கேட்கவில்லை. ஏன் போனேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெளிவாக இல்லை. இரக்கம் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். வேடிக்கை பார்க்கும் ஆசையும் இருந்திருக்கலாம். குழாய் கசிந்துவிட்டது, அப்பாவிடம் இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்று பொய் சொன்னேன். லீவு முடிந்து ஆள் குவைத்துக்குத் திரும்பியிருப்பார், வேறு வழியில்லை என்ற பதில் வரும் என்று எதிர்பார்த்தேன். அவரோ உள்ளேயிருந்து வந்து, நாற்காலியில் உட்கார்ந்து, சட்டைக் கையைச் சுருட்டினார்.

நான் ஊசியைப் பிரிப்பதற்குள் மாமியாரின் போன் அடித்தது. வீடியோ கால். திரை மினுங்கியதைப் பார்த்துக் குழந்தை ஓடிப்போய் எடுத்தது. திரையில் ஒரு முகம். குழந்தை அந்த முகத்தின் மூக்கை விரலால் தட்டியது. பிறகு நேராக என்னிடம் வந்து, போனை என் மூக்குக்கு முன்னால் நீட்டி, உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துத் தட்டிக் காட்டியது. ஆறு மாதத்துக்கு முன்னால் காட்டிய அதே சைகை. திரையில் இருந்தவருக்குக் கன்னம் உப்பியிருந்தது.

"வணக்கங்க. புள்ளையோட அப்பா பேசுறேன். தம்பிகிட்ட ரத்தம் எடுத்துட்டீங்களா?" என்றார் அவர்.

நான் நாற்காலியில் இருந்தவரைப் பார்த்தேன். அவர் கையை நீட்டியபடியே இருந்தார்.

விசாரித்ததில் அங்கே யாரும் எதையும் மறைக்கவில்லை என்று தெரிந்தது. அண்ணன் குவைத் போன நாளிலிருந்து அண்ணன் செய்ய வேண்டிய எல்லாவற்றையும் தம்பிதான் செய்கிறார். கூரியர் வந்தால் அண்ணன் பேரில் கையெழுத்து. பள்ளிக்கூடத்தில் பெற்றோர் கூட்டம் என்றால் அண்ணன் நாற்காலியில் உட்காருவார். பங்காளி வீட்டு விசேஷத்தில் அண்ணன் பேர் சொல்லிக் கூப்பிட்டால் இவர் எழுந்து போய்ச் சந்தனம் எடுத்துக்கொள்வார். ரத்தம் கொடுப்பது அந்த வரிசையில் இன்னொன்று. நான் அவர் பெயரைக் கேட்கவில்லை. ஆதார் கேட்டேன், அண்ணன் ஆதாரைக் கொடுத்தார். கையெழுத்து கேட்டேன், வழக்கம்போலப் போட்டார்.

"ரெண்டும் ஒரே வயித்துல பொறந்ததுதானே நர்சம்மா? ஒரே ரத்தந்தான்" என்றார் மாமியார்.

நான் இத்தனை வருடம் படித்ததற்கு அந்த இடத்தில் ஒரு பயன் இருந்தது. ஒரே வயிற்றில் பிறந்தாலும் அம்மாவின் இரண்டு பிரதியில் எது யாருக்கு வரும் என்பதைச் சொல்ல முடியாது என்று விளக்கினேன். மாமியார் நம்பவில்லை. மருமகள் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கணவர் கோவில் திருவிழாவுக்கு லீவில் வந்தார். குழந்தை அவர் மடியில் உட்கார்ந்துகொண்டே, அவரைக் குறிக்க உள்ளங்கையை முகத்துக்கு நேராகப் பிடித்துக் காட்டியது. அப்பா என்றால் அதற்குப் போன்தான். அவர் சிரித்துக்கொண்டே கையை நீட்டினார். இந்த முறை ஆதார், பாஸ்போர்ட், சுவர்ப்படம், குழந்தை நான்கையும் ஒப்பிட்டுவிட்டுத்தான் ஊசியைத் தொட்டேன். மாமியாரும் என்கிட்டயும் எடுங்க, எங்க வம்சம் சுத்தம்னு எழுதிக் குடுங்க என்று தானாகவே வந்து உட்கார்ந்தார்.

காகிதத்தை நானே கொண்டுபோனேன். கணவருக்கு ஒரு பிரதியில் அதே எழுத்து மாறியிருந்தது. மாமியாருக்கும் அதே. வம்சப் படத்தைத் தரையில் விரித்து, மாமியாரின் வட்டத்திலிருந்தும் அவர் தம்பியின், அதாவது மருமகளுடைய அப்பாவின், சதுரத்திலிருந்தும் மேலே போய் ஒரே இடத்தில் முட்டுகிற கோட்டைக் காட்டினேன். ஒரு பிரதி மருமகள் வழியாக, ஒரு பிரதி மகன் வழியாக. பெரும்பாலும் இரண்டும் கிளம்பிய வீடு ஒன்றுதான் என்றேன். மாமியார் படத்தை நெடுநேரம் பார்த்தார்.

"எங்க அய்யாவா?"

அய்யாவாக இருக்கலாம், ஆத்தாவாகவும் இருக்கலாம் என்றேன்.

"அய்யாவாத்தான் இருக்கும். அவரு யாரு சொன்னாலும் காதுல வாங்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு எழுந்து ஆட்டுக்குத் தழை போடப் போனார். அந்த வீட்டில் அந்தப் பேச்சு அத்தோடு நின்றது என்று பிறகு கேள்விப்பட்டேன். செத்துப்போனவர் மேல் பழி போட்டால் யாருக்கும் வலிக்காது.

மருமகள் காபி கொண்டுவந்து வைத்தாள். காகிதத்தை இரண்டு முறை படித்தாள். அறந்தாங்கியில் லேமினேஷன் போட்டு வைத்துக்கொள்வதாகச் சொன்னாள். நான் ஐஸ் பெட்டியை எடுத்துக்கொண்டு கிளம்பப் பார்த்தேன்.

"மேடம், மொத தடவ அவரு அப்பா இல்லைன்னுதானே வந்துருக்கும்?"

இதைப் பேசக் கூடாது என்று விதிமுறை. ஆமாம் என்றேன்.

"எத்தன மாசம் நீங்க அப்புடி நெனச்சுக்கிட்டு இருந்தீங்க?"

எதை என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் இன்னும் அசிங்கமாக இருந்திருக்கும். நாலு மாசம் என்றேன்.

அவள் தலையை ஆட்டிக்கொண்டாள். கோபம் இல்லை, கணக்கு சரியாக வந்தது மாதிரி.

"எங்க அத்தை அஞ்சு வருசமா சொன்னது பரவாயில்லங்க. அவுக படிக்காதவுக."

குழந்தை என் பக்கத்தில் வந்து நின்றது. தன் முழங்கை மடிப்பை இரண்டு விரலால் கிள்ளிக் காட்டி, என்னைக் காட்டியது. அந்த வீட்டில் எனக்கு அதுதான் பெயராம். காபி ஆறிப்போயிருந்தது. மீதம் வைக்காமல் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன்.