கள்ளிமேட்டுக்கு எட்டுத்தரம் போன தண்ணீர்

பிரதேச சபையில் தண்ணீர் பவுசர் ஓட்டுவது முஹம்மது தம்பியின் வேலை. குச்சவெளிக் கரையோரத்தில் பத்தொன்பது வருடங்களாக அவர் கோர்ன் அடிக்காத ஒழுங்கை இல்லை. தண்ணீர் ஒரு வாளி சிந்தினாலும் மனிதருக்குக் கோபம் வந்துவிடும், அரை மணித்தியாலம் யாரையாவது பேசுவார்.

கள்ளிமேட்டில் முப்பத்திரண்டு வீடுகள். கிணறெல்லாம் உவர். கோடையில் குடிதண்ணீர் என்றால் நாளுக்கு ஒருமுறை வரும் அவருடைய பவுசர்தான். கோர்ன் சத்தம் கேட்டு, களப்பில் இறால் பிடிக்கும் பெண்கள் கரையேறி வரவேண்டும். பொதுத் தாங்கி நிறைய முக்கால் மணித்தியாலம் பிடிக்கும். அதுவரை அவர் நின்று ஊர்க்கதை கதைப்பார். பெண்கள் அவரை அண்ணன் முறை வைத்து “நானா” என்று கூப்பிடுவார்கள்.

போன வருடம் சபைக்கு வினைத்திறன் வந்து சேர்ந்தது. கொழும்பிலிருந்து வந்த இரண்டு பேர் பவுசரின் முன்கண்ணாடிக்குக் கீழே தீப்பெட்டியளவு கறுப்புப் பெட்டி ஒன்றை ஒட்டிவிட்டு, நல்ல மீன் சாப்பாடும் சாப்பிட்டுத் திரும்பினார்கள். அன்றிலிருந்து செயலாளரின் அறைத் திரையில் பவுசர் ஒரு பச்சைப் புள்ளியாக ஓடியது. ஊரில் புள்ளி நின்றால் அது ஒரு விநியோகம். பத்து நிமிடத்துக்கு மேல் நின்றால் புள்ளி சிவக்கும், சாரதிக்கு விளக்கம் கேட்டுக் கடிதம் வரும். தண்ணீர் இறங்கியதா என்று பார்க்க அந்தப் பெட்டிக்கு வழியில்லை. பார்க்க வேண்டுமென்று சபையில் இருந்தவர்களுக்கும் தோன்றவில்லை.

ஒரே கிழமையில் ஐந்து கடிதங்கள். ஆறாவது வந்தால் வேலை போகும் என்றார்கள். பயந்துபோய் ஒருநாள் பத்து நிமிடத்தில் கிளம்பிவிட்டார். தாங்கியில் கால்வாசிகூட நிறையவில்லை. ஈரச் சேலையோடு ஓடிவந்த பெண்கள் வெறுங்குடத்துடன் நிற்பதைப் பக்கக் கண்ணாடியில் பார்த்தார்.

மறுநாள் காலை பெட்டியைக் கழற்றி, புல்மோட்டை பஸ்ஸில் கொண்டக்டராக இருந்த மச்சான் அப்ராஸிடம் கொடுத்தார். பஸ்ஸும் அதே வீதியால்தான் நாளுக்கு நான்கு தரம் போய்வரும், கள்ளிமேட்டுச் சந்தியில் ஆளேற்ற நிற்கும். பெட்டி பஸ்ஸில் பயணம் செய்ய, பவுசர் தாங்கி நிறையும்வரை ஆறுதலாக நின்றது. திரையில் மருந்துக்கும் சிவப்பு இல்லை. கள்ளிமேட்டுக்கு மட்டும் ஒரு நாளைக்கு எட்டு விநியோகம்! அத்தனை ஓட்டத்துக்கும் டீசல் எங்கிருந்து வந்தது என்று ஒருவராவது கேட்டிருக்கலாம். ஆனால் டீசல் கணக்குக் கொப்பி பக்கத்து அறையில் இருந்தது. அந்த அறைக்கும் திரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

சபை அவருக்குப் பொன்னாடை போர்த்தி, வினைத்திறன் மிக்க சாரதி என்று சான்றிதழும் கொடுத்தது. மேடையில் சிரிப்பை அடக்க அவர் பட்ட பாடு பெரிது. அடுத்த கிழமையே கட்டளை வந்தது. முப்பத்திரண்டு வீட்டுக்கு எட்டுத்தரம் தண்ணீர் கொடுப்பது வீண்விரயம், இனிமேல் கள்ளிமேட்டுக்குக் கிழமையில் ஒருநாள் போதும்.

வேலை போனால் போகட்டும் என்று நேரே செயலாளரிடம் போனார்.

“சேர், அந்தப் பெட்டி பஸ்ஸில ஓடினது. நான்தான் கழட்டிக் குடுத்தனான். ஒரு நாளைக்கு ஒருக்காத்தான் தண்ணி போனது.”

செயலாளர் திரையைப் பார்த்தார், அவரைப் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார். அறிக்கை மாகாணத்துக்குப் போய்விட்டதாம். மற்றச் சபைக்காரர்கள் இதைப் பார்த்துப் படிக்க வரப்போகிறார்களாம்.

“நீங்கள் நல்லாக் களைச்சுப் போனீங்கள். ரெண்டு கிழமை லீவு எடுங்கோ. இந்தக் கதையை வெளியில கதைக்க வேண்டாம்.”

பொய் சொன்ன பெட்டிக்குப் பாராட்டு, உண்மை சொன்ன மனிதருக்கு லீவு. அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

லீவின் ஆறாம் நாள் மோட்டார்சைக்கிளில் கள்ளிமேட்டுக்குப் போனார். தாங்கிக்குப் பொறுப்பான யசோதரா வெயிலில் வெறுந்தாங்கியடியில் நின்றாள். பெட்டி, பஸ், சான்றிதழ், கட்டளை என்று ஒன்றும் மறைக்காமல் சொன்னார். அவள் கோபப்படவில்லை. இடுப்பிலிருந்த வெறுங்குடத்தை இறக்கி அவரிடம் நீட்டினாள்.

“எட்டுத்தரம் வந்ததெண்டு திரையில காட்டுதெண்டால், அதில ஒரு குடம் தாங்கோ நானா. பிள்ளைக்கு வயித்தோட்டம், மருந்து கரைக்கோணும்.”