நீலச் சீலையும் மஞ்சள் லென்ஸும்

ஆயிரம் பொய் சொல்லி ஒரு கலியாணம் செய்யலாம் என்பார்கள். என் அம்மாவுக்கு ஒரு பொய்யே போதுமாயிருந்தது. அது அண்ணனின் லென்ஸில் இருந்தது.

நான் கறுப்பு. மாங்குளத்து வெயில் கறுப்பாக்கிவிட்டது என்று அம்மா வீட்டுக்கு வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார். பிறந்த அன்றே நான் இந்த நிறம்தான், அன்றைக்கு நான் எந்த வயலில் நின்றேன் என்று கேட்டால் கோபம் வரும்.

புரோக்கர் லண்டன் மாப்பிள்ளை ஒருவரைக் கொண்டுவந்தார். மாப்பிள்ளையின் தாய்க்கு ஒரே ஒரு நிபந்தனை. முன்பு பார்த்த பெண் போனில் ஒரு மாதிரியும் நேரில் வேறு மாதிரியும் இருந்தாளாம். தொலைபேசியில் அவர் அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார்: "போன் படம் வேண்டாம். அது பூசி மெழுகித்தான் காட்டும். பிலிமில எடுத்து அனுப்புங்கோ. பிலிம் பொய் சொல்லாது."

எங்கள் வீட்டில் பிலிம் கமரா வைத்திருப்பவர் அண்ணன். அவருக்கு இரண்டு லென்ஸ்கள். அவற்றைப் பற்றி அவர் வாயைத் திறந்தால் சொந்தக்காரர் தேத்தண்ணி குடிக்காமலே எழும்பிப் போவார்கள். அன்றுதான் முதன்முதலாக அம்மா அவரைக் கூப்பிட்டுக் கேட்டார். அண்ணன் இரண்டு படங்களைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இரண்டிலும் எங்கள் கிணற்றடி வாழை.

"இது புது லென்ஸ். கண்ணாடிக்கு மேல நல்ல பூச்சு இருக்கு. உள்ள நிறம் உள்ளபடி வரும். இது பழசு. கண்ணாடி நாள்பட்டு மஞ்சளாப் போச்சுது. எல்லாத்தையும் கொஞ்சம் பொன்னாக்கிப்போடும்."

அம்மாவுக்கு வாழையில் அக்கறை இல்லை. இரண்டாவது படத்தின் ஓரத்தில் நான் தண்ணீர் அள்ளிக்கொண்டு நின்றேன். அதை வாசலடி வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"இதில பிள்ளை பொதுநிறமெல்லோ!"

"எனக்குப் புது லென்ஸே காணும், உள்ள நிறம் உள்ளபடி வரட்டும்" என்றேன்.

"நீ வாயைப் பொத்திக்கொண்டு நில்."

வான நீலச் சீலை கட்டி முற்றத்தில் நின்றேன். அண்ணன் பிலிமைக் கொழும்புக்கு அனுப்பும்போது, கழுவுகிறவர்கள் மஞ்சளைத் திருத்தவே கூடாது என்று கட்டாயமாகச் சொல்லிவிட்டார். படம் வந்தது. நான் பொன்னாக இருந்தேன். என் பல்லும் பொன்னாக இருந்தது. நீலச் சீலை பச்சையாகியிருந்தது. முகத்தைப் பார்த்த சந்தோசத்தில் அம்மா சீலையைக் கவனிக்கவில்லை.

லண்டனில் கவனித்தார்கள். பெண் பார்க்க வருகிறோம், "அந்தப் பச்சைச் சீலையோடயே பிள்ளையைப் பாக்க ஆசை" என்று செய்தி வந்தது. அலுமாரி முழுவதும் கிளறியும் ஒரு பச்சைச் சீலை கிடைக்கவில்லை. அம்மாவும் அண்ணனும் படத்தையும் கொண்டு வவுனியாவுக்கு பஸ் ஏறினார்கள். கடைக்காரர் பொறுமையாகத்தான் சீலைகளை விரித்தாராம். அண்ணன் லென்ஸ் கதையைத் தொடங்கியதும் கைக்கு வந்த பச்சையைச் சுற்றிக் கொடுத்துவிட்டார்.

லண்டன்காரர் வந்த அன்று அந்தப் பச்சைச் சீலை என் கட்டிலில் கிடந்தது. நான் நீலத்தைக் கட்டிக்கொண்டு தேத்தண்ணியோடு போனேன். அம்மாவின் முகம் சுண்டிப்போனது. மாப்பிள்ளையின் தாய் கையிலிருந்த படத்தையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"படத்தில பச்சைச் சீலையெல்லோ பிள்ளை?"

"அந்தச் சீலைதான் மாமி இது. பழைய லென்ஸ் அப்பிடிக் காட்டிப்போட்டுது."

"அப்ப நிறமும்..?"

"ஓம் மாமி. அதுவும் லென்ஸ்தான்."

உண்மையைச் சொன்னால் என்ன, தாய்க்குப் பக்கத்தில் இருந்த மாப்பிள்ளையை எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. சாந்தமான முகம். நல்லதாக ஒரு வார்த்தை சொல்லமாட்டாரா என்று ஏங்கினேன். அவர் தாயின் கையிலிருந்த படத்தை வாங்கிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். பெரிய மனதுபண்ணிச் சிரித்தார்.

"பரவாயில்லை அம்மா. கலியாணப் படத்தையும் அந்த லென்ஸிலேயே எடுப்பிப்பம்."

அம்மாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கடைசியில் தன் லென்ஸை மதிக்க ஒரு ஆள் கிடைத்ததில் அண்ணனுக்கும் வாயெல்லாம் பல்.

மாப்பிள்ளை கை நீட்டுவதற்குள் அவருடைய கோப்பையை நான் எடுத்துக்கொண்டேன்.

"அப்ப அந்த லென்ஸையே கட்டுங்கோ" என்று சொல்லிவிட்டு, குசினிக்குள் போய் அந்தத் தேத்தண்ணியை நானே குடித்தேன்.