காஜா பெராங் மலாய்

தமிழ்ப் பள்ளியில் ஆறாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. அதற்கு மேல் தமிழில் படிக்க எங்கள் மலாக்காவில் வழியில்லை. ஆங்கிலப் பள்ளியில் கேட்டதற்கு வயது தாண்டிவிட்டது என்று அனுப்பிவிட்டார்கள். அப்பா நகராண்மையில் தண்ணீர்க் குழாய் போடும் வேலையில் இருந்தார். அம்மா இல்லாத வீடு. சமையலும் துவையலும் என் தலையில் விழுந்தன. மத்தியானங்களில் பழைய பாடப் புத்தகங்களையே எடுத்துப் படிப்பேன். அவை மனப்பாடமான பிறகு படிக்க ஒன்றும் இல்லாமல் போனது.

சில வருடங்கள் இப்படியே கழிந்தன. நாடு சுதந்திரம் பெற்ற சமயத்தில், பண்டார் ஹிலிர் திடலில் ஒரு கூட்டத்துக்கு அப்பாவோடு போயிருந்தேன். மேடையில் மலாயில் பேசினார்கள். பக்கத்தில் நின்றவர்கள் கைதட்டிய இடங்களில் நானும் தட்டினேன். பாதிதான் புரிந்தது. திரும்பி நடந்து வரும்போது அது என்னை உறுத்திக்கொண்டே இருந்தது. என்னையும் சேர்த்துத்தானே பேசியிருக்கிறார்கள், எனக்குப் புரியவில்லையே என்று.

அரசாங்கம் நடத்தும் மலாய்த் தேர்வை யார் வேண்டுமானாலும் எழுதலாம், தேறினால் தமிழ்ப் பள்ளிகளில் மலாய் சொல்லிக்கொடுக்கும் வேலைகூடக் கிடைக்கலாம் என்று கேள்விப்பட்டேன். அப்பாவிடம் சொன்னேன்.

“ஒனக்கு யாரு சொல்லிக் குடுப்பா?” என்றார்.

“நானே படிச்சுக்கிறேம்பா.”

அவர் தடுக்கவில்லை. நம்பியதாகவும் தெரியவில்லை.

நாங்கள் குடியிருந்த காஜா பெராங் பகுதியில் எனக்குத் தைரியம் கொடுத்தது பக்கத்து வீடு. அங்கே என்னைவிடச் சற்று மூத்த ஒரு மலாக்காச் செட்டிப் பெண் இருந்தாள். கும்பிடுகிற சாமி எங்கள் சாமிதான்; ஆனால் அவர்கள் வீட்டில் தமிழ் எப்போதோ போய்விட்டது. பேசுவதெல்லாம் மலாய். சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நாங்கள் நாள் முழுக்கப் பேசுவோம். எழுத்துக்கூட்டிப் பழக மட்டும் ஒரு பழைய மலாய்ப் பாடப் புத்தகம் வாங்கினேன். பேச்சு வந்துவிட்டது, எழுத்தும் வந்துவிட்டால் போதும் என்பது என் கணக்கு.

எழுத்துத் தேர்வை நன்றாகவே எழுதியதாக நினைத்தேன். பிறகு வாய்மொழித் தேர்வு. சொங்கோக் தொப்பி அணிந்த வயதான அதிகாரி ஒருவர் என் வீட்டைப் பற்றிச் சொல்லச் சொன்னார். தயங்காமல் பேசினேன். நடுவில் அவர் பேனாவைக் கீழே வைத்தார்.

“நீ காஜா பெராங்கா?” என்று மலாயில் கேட்டார்.

ஆமாம், எப்படித் தெரியும் என்றேன். ‘என் வீடு’ என்பதை ‘சாயா பூஞா ரூமா’ என்று நான் சொன்னதைச் சுட்டிக்காட்டினார். ‘ரூமா சாயா’ என்று சொல்ல வேண்டுமாம். நாளைக் குறிக்கிற ‘ஹாரி’யை ‘ஆரி’ என்றேனாம். கேலியாகச் சொல்லவில்லை, பிரியமாகவே சொன்னார். ஆனால் நான் தேறவில்லை.

பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் நடந்ததைச் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தாள். பிறகு அவள் முகம் மாறியது.

“அப்போ நாங்க பேசுறது மலாய் இல்லையா?” என்று தன் மலாயில் கேட்டாள்.

மலாய்தான், தேர்வுக்கு வேறு மலாய் வேண்டியிருக்கிறது என்று சொன்னேன். சமாதானத்துக்காகச் சொன்னது. யோசித்துப் பார்த்தபோது அதுவே உண்மை என்றும் பட்டது.

தனியாகப் படிப்பதில் உள்ள சங்கடம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. உழைப்பில் நான் குறை வைக்கவில்லை. தப்பைத் தப்பென்று சொல்ல எதுவும் இல்லாமல் படித்திருந்தேன். பெரியவர்களுக்கென்று நடந்த மாலை வகுப்பு ஒன்றில் போய் உட்கார்ந்து பார்த்தேன். அரிச்சுவடியிலிருந்து ஆரம்பித்தார்கள். சில நாளில் நின்றுவிட்டேன். ஆள் இல்லாவிட்டால் போகிறது, என்னைத் திருத்துவதற்கு ஓர் ஏற்பாட்டை நானே செய்துகொள்ள வேண்டும் என்று தோன்றியது.

தெருமுனையில் ஒரு தமிழ் முஸ்லிமின் மளிகைக் கடை. அவரை அண்ணன் முறையில் ‘நானா’ என்று கூப்பிடுவோம். அங்கே மத்தியானம் வானொலியில் மலாய்ச் செய்தி ஓடும். ஏதாவது வாங்குகிற சாக்கில் போய் நின்று கேட்பேன். வீட்டுக்கு ஓடி வந்து, நினைவில் இருப்பதை மலாயில் எழுதுவேன். மறுநாள் அதே செய்தி கடைக்கு வரும் மலாய்ப் பத்திரிகையில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒத்துப் பார்ப்பேன். முதல் வாரங்களில் என் தாள் முழுக்க அடித்தல் திருத்தல்தான்.

ஒருநாள் கடைக்காரர் கேட்டார்: “என்ன தங்கச்சி, அன்னாடம் புளி வாங்குறீங்க? வீட்டுல புளிச்சோறு மட்டுந்தானா?”

“நியூஸ் கேக்க வர்றேன் நானா,” என்று உண்மையைச் சொல்லிவிட்டேன்.

மறுநாள் வானொலிப் பெட்டி உள் அலமாரியிலிருந்து கல்லாமேசைக்கு வந்திருந்தது. பக்கத்தில் ஒரு முக்காலி. கல்லாவில் பேரம் சத்தமாகிவிட்டால் “செய்தி ஓடுது லா, கொஞ்சம் மெதுவா” என்று வாடிக்கையாளர்களை அடக்குவார்.

மெல்ல மெல்ல என் காதில் இரண்டு மலாய்கள் தனித்தனியாகப் பிரிந்தன. சுவரோரம் நிற்கும்போது ஒன்று, எழுத உட்காரும்போது இன்னொன்று. எதையும் விட்டுவிட வேண்டியிருக்கவில்லை.

அடுத்த முறை தேறினேன். பெரிய மதிப்பெண் ஒன்றும் இல்லை. புக்கிட் பாரு பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளியில் மலாய் சொல்லிக்கொடுக்கக் கூப்பிட்டார்கள். வேலைக்குப் போன முதல் நாள் சாயங்காலம், அப்பா சாப்பிட்டுக் கை கழுவிவிட்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பிறகு, தன் வேலையிடத்தில் அறிவிப்புப் பலகையில் மலாயில் என்ன ஒட்டினாலும் அடுத்தவனைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது என்றார்.

“எனக்கும் அந்த எழுத்து வருமா?” என்று கேட்டார்.

முதலில் எதைப் படிக்க ஆசை என்று கேட்டேன். குழாய்க் கிடங்கின் கதவில் எழுதியிருப்பதை என்றார். அங்கிருந்தே ஆரம்பித்தோம்.